பதினெட்டு வயதில் வந்த இருபத்தொன்றாவது பிறந்தநாள்

அவன் ஏன் பாக்ஸிங்கை விட்டான் என்று கேட்டால் எங்கள் காலேஜில் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். திமிர் என்பான் ஒருத்தன். லவ் பெயிலியர் என்பான் இன்னொருத்தன். ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது என்றுகூட அடித்து விட்டிருக்கிறார்கள். எல்லாம் டுபாக்கூர். காரணம் ஒரு பிளெக்ஸ் போர்டு. அதை டிசைன் செய்தது நான்.

எங்கள் ஊர் வெம்பக்கோட்டை பக்கம். நானும் அவனும் ஒரே தெரு, பத்தாவது வரைக்கும் ஒரே பெஞ்ச். என்னைவிடப் பதினோரு நாள் மூத்தவன். அந்தப் பதினோரு நாளை வைத்துக்கொண்டு பொண்ணுங்க முன்னால் என்னைத் 'தம்பி' என்று கூப்பிடுவான், நாய்.

ரிங்கில் அவனைப் பார்த்திருக்க வேண்டும். தங்கக் கலர் சாட்டின் டவுசர், பூட்ஸைச் சுற்றி ஜிகினா பேப்பர். பெல் அடிப்பதற்கு முன்னால் எதிராளி நிற்கும் மூலை வரைக்கும் போய்க் குனிவான். கையில் ஊதுபத்தி இருப்பது மாதிரி தரையில் இல்லாத வெடிக்குத் திரி பற்ற வைப்பான். பிறகு இரண்டு கிளவுஸாலும் காதைப் பொத்திக்கொண்டு தன் மூலைக்குத் திரும்பி ஓடுவான். விருதுநகர் ஸ்டேடியமே விசிலடிக்கும். ரெப்ரி ஒவ்வொரு தடவையும் வார்னிங் கொடுப்பார். பாக்ஸிங் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் கீழே நின்று தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் பெல் அடித்ததும் விளையாட்டெல்லாம் போய்விடும். அவன் இடது கை வருவது எதிராளிக்கு மட்டுமில்லை, பார்க்கிற எங்களுக்கே தெரியாது. பதினேழு வயதில் ஸ்டேட் யூத் தங்கம். பைனலில் எதிரே நின்றவன் வேறு மாவட்டத்துப் பணக்கார வீட்டுப் பையன், இரண்டாவது ரவுண்டிலேயே அவன் கதை முடிந்தது. அடுத்தது நேஷனல் கேம்ப். லிஸ்டில் இவன் பெயர் வந்துவிட்டது.

இப்போது கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பத்தாவது பரீட்சை லீவில் அவன் அப்பா லோடு லாரியிலிருந்து விழுந்து படுத்துவிட்டார். அம்மா பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிற வேலை. ஒரு ஆள் சம்பளத்தில் வீடு ஓடவில்லை. இவன் அதே கம்பெனிக்குப் போய் நின்றான். போர்மேன் அண்ணாச்சி நல்ல மனுசன்தான், அதுதான் பிரச்சனையே. விரட்டவில்லை. வழி சொன்னார்.

"வேலை தாரேன்யா. ஆனா கார்டுல பதினெட்டு இருக்கணும். வயசு எனக்கு வேண்டாம், கார்டுக்கு வேணும்."

எங்கள் பக்கத்தில் இது ஒரு விஷயமே இல்லை. ஆதாரில் பிறந்த வருடத்தை மட்டும் மூன்று வருடம் முன்னால் தள்ளினார்கள். தேதி, மாசம் அப்படியே. ஒரே வாரத்தில் பதினைந்து பதினெட்டானது. எங்கள் தெருவில் இப்படி வளர்ந்தவர்கள் அவனோடு சேர்த்து நாலு பேர். லீவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பெட்டி தூக்கினான். தோள் இறுகியது அங்கேதான். ஸ்கூல் சர்ட்டிபிகேட்டில் யாரும் கை வைக்கவில்லை. மாஸ்டர் அவனைப் பாக்ஸிங்கில் பதிந்தது அந்தச் சர்ட்டிபிகேட்டை வைத்து. அதாவது போட்டியில் அவன் காட்டிய வயதுதான் நிஜம். பொய் வயது இருந்தது கம்பெனியில்.

கேம்ப் லிஸ்ட் வந்த மாதமே அவனுக்குப் பதினெட்டாவது பிறந்தநாள். கம்பெனிக்காரர்கள் சேர்ந்து சிவகாசி ரோட்டில் போர்டு வைக்க முடிவு செய்தார்கள். நான் காலையில் காலேஜ், மதியத்துக்கு மேல் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் டிசைனிங். வேலை என்னிடம் வந்தது. பின்னால் அணுகுண்டு வெடிக்கிற மாதிரி தீப்பிழம்பு, நடுவில் தங்க டவுசர், கீழே போர்மேன் தொடங்கி வாட்ச்மேன் வரைக்கும் வட்ட வட்டமாக முகங்கள். மேலே கொட்டை எழுத்தில் '18-வது பிறந்தநாள்'. என் வாழ்க்கையிலேயே நல்ல டிசைன் அது, சத்தியமாக.

போர்மேன் பிரஸ்ஸுக்கே வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"எல்லாம் அம்சமா இருக்கு தம்பி. அந்தப் பதினெட்ட மட்டும் இருபத்தொண்ணா மாத்திரு."

"ஏன் அண்ணாச்சி? அவனுக்குப் பதினெட்டுதான. எனக்கும் அதான்."

"ஒனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ரோட்டுல ஆபீசருக போறாக வாராக. கீழ நம்ம கம்பெனி ஆளுக மொகம்பூரா இருக்கு. இப்பப் பதினெட்டுன்னா மூணு வருசம் முன்னாடி எம்புட்டுன்னு ஒருத்தன் கணக்குப் போட்டா என்ன செய்வ?"

அவனுக்குப் போன் போட்டேன். சிரித்தான்.

"இருபத்தொண்ணா? கெத்தாத்தாம்லே இருக்கு. போடு. இனி ஒனக்கு மூணு வருசம் அண்ணன் நான்."

எனக்கு அப்போது தோன்றியிருக்க வேண்டும். யூத் பிரிவு பதினெட்டோடு முடிகிறது என்பது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். மூன்று பேரும் கம்பெனியைப் பற்றி மட்டும்தான் யோசித்தோம். இந்த ஊரில் ஒரு காகிதத்தைப் பார்த்ததும் முதலில் அதைத்தான் யோசிப்போம். 18-ஐ அழித்து 21 அடித்தேன். மூன்று செகண்ட் வேலை.

அது தீபாவளி சீசன். வெளி மாவட்டக் கார்கள் பட்டாசு வாங்க வரிசை கட்டி வரும். அப்படி வந்த ஒரு காரில் இருந்தவர், பைனலில் இவனிடம் அடிவாங்கிய பையனின் அப்பா. அட்டைப்பெட்டியை டிக்கியில் ஏற்றிவிட்டு நிமிர்ந்திருக்கிறார். எதிரே இவன், பத்தடி உயரத்தில், இருபத்தொரு வயதில். போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

புகார் போனது. ஆதாரைக் கேட்டார்கள், அதிலும் இருபத்தொன்று. ஸ்கூல் சர்ட்டிபிகேட் பதினெட்டு என்றது, எது பொய் என்று பார்க்க எலும்பு டெஸ்ட் எடுத்தார்கள். இந்த வயதில் இரண்டு மூன்று வருடம் முன்னே பின்னே இருக்கும், உறுதியாகச் சொல்ல முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

விசாரணை நாளில் என் பத்தாவது மார்க்ஷீட்டை பைலில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். ஒரே வகுப்பு, ஒரே வருடம், போர்டில் நம்பரை மாற்றியதும் நான். இவ்வளவையும் சொல்வதாகத் திட்டம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தான், அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

"உள்ள வந்து என்னலே சொல்லப் போற?"

"உள்ளதச் சொல்லுவேன். கார்டுதான் பொய்யின்னு."

"எதுக்குப் பொய்யா எடுத்தன்னு கேப்பாக."

நான் பைலைத் திறந்து மார்க்ஷீட் இருக்கிறதா என்று பார்த்தேன்.

"பதினஞ்சு வயசுல கம்பெனிக்குள்ள இருந்தேன்னு சொன்னா மறுநா சீல் வச்சிருவாக. போர்மேன் உள்ள போவாரு. எங்கம்மா எங்கன போகும்? ஒங்க அத்த எங்கன போகும்? தெருவே அங்கனதான கெடக்கு."

"அதுக்கு நீ கேம்ப்ப விடுவியா? மெடலப் புடுங்கிருவானுக."

"பைலக் குடு."

வாங்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை. அவன் வேண்டாம் என்று சொன்னதில் எனக்குள் ஒரு மூலையில் நிம்மதியாக இருந்தது. என் அத்தையும் அங்கேதான் வேலை பார்த்தாள். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

உள்ளே அவன் எதற்கும் பதில் சொல்லவில்லையாம். ஆதாரில் ஏன் வேறு வருடம் என்று கேட்டதற்குத் தரையைப் பார்த்தானாம். மாஸ்டர் வெளியே வந்து சொன்னார். இரண்டு வருடத் தடை. தங்கம் அந்தக் காரில் வந்தவரின் பையனுக்கு. மாஸ்டருக்கு உண்மை தெரியாது. "என்னையும் ஏமாத்திட்டியேடா" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். அதற்கும் அவன் வாயைத் திறக்கவில்லை. போர்மேன் அந்தத் தீபாவளிக்கு அவன் வீட்டுக்கு ஸ்வீட் பாக்ஸும் வேட்டியும் கொடுத்தனுப்பினார். நல்ல மனுசன்தான்.

இந்த வருடம் தடை முடிந்தது. சீனியரில் இறங்கினால் வயதுப் பிரச்சனையே இல்லை. பதினெட்டைத் தாண்டினால் போதும், எந்தக் கார்டு வைத்திருந்தாலும் உள்ளே விடுவார்கள். ஒரே ஒரு கண்டிஷன். தவறான வயது காட்டி யூத் பிரிவில் ஆடினேன், மன்னிக்கவும் என்று கடிதம் கொடுக்க வேண்டும். நானே டைப் செய்து பிரிண்ட் எடுத்துக்கொண்டு கம்பெனி வாசலுக்குப் போனேன். மதியச் சாப்பாட்டு நேரம். தூக்குவாளியோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். இப்போது அவன் அங்கே நிரந்தரம். முழுவதும் வாசித்தான்.

"அடிச்சது யாரு, நீயா? ஸ்பெல்லிங்கெல்லாம் கரெக்டா இருக்கே."

"நக்கல விடு. கையெழுத்துப் போடு. நாளைக்கே மாஸ்டரப் பாப்போம்."

"நான் ஏமாத்துனேனாலே?"

"இல்ல. அது எனக்குத் தெரியாதா? இது சும்மா ஒரு பேப்பரு. மூணு வருசம் கூட்டிப் போட்டப்ப மட்டும் கையெழுத்துப் போடலயா நீ?"

"அது வேலைக்கு. அன்னைக்கு உள்ள வாய மூடிட்டு இருந்தேன், அது எங்கம்மாவுக்கு. இது யாருக்கு?"

"ஒனக்குத்தாம்லே."

"எனக்குன்னா வேண்டாம். அந்தத் தங்கத்த நான்தான் அடிச்சேன், பதினேழு வயசுல. இதுல போட்டுட்டா அடிக்கலன்னு ஆயிரும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வாளியைத் தூக்கி எறிந்திருப்பேன். இருபது வயது. அந்த இடது கை. எவனும் படிக்காமல் பைலில் போட்டு மூடப்போகிற ஒரு பேப்பர். அதற்குப் போய் இந்த வீம்பு. திட்டினேன், கெட்ட வார்த்தை உட்பட. அவன் பருப்புச் சோற்றை உருட்டிச் சாப்பிட்டு முடித்தான். கடிதத்தை மடித்து என் சட்டைப் பையில் செருகினான்.

"சீசன் ஆரம்பிச்சிருச்சு. ஆர்டரு கெடக்கு. போய்ட்டு வாரியா?"

கேட்டைத் தாண்டி உள்ளே போனான். வாட்ச்மேன் அவன் கார்டை வாங்கிப் பார்த்தார், தினமும் பார்க்கிற மாதிரி. அதில் அவனுக்கு இருபத்துமூன்று.