எதிர்வீட்டு மரத்துக்கு நடந்த விருந்து

எங்கள் எதிர்வீட்டுக் காம்பவுண்டுக்குள் ஒரு மரம் நிற்கிறது. நர்சரியில் அதற்கு வசந்தராணி என்று பெயர். எங்கள் தெருவில் குப்பை மரம். மார்கழி போனதும் இலையெல்லாம் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் பட்டுப்போய்விட்டது என்பார்கள். பிறகு மாசி வெயில் சுட ஆரம்பித்ததும், ஓர் இலைகூட இல்லாமல், கிளை தெரியாதபடி இளஞ்சிவப்பாய்க் குழல் குழலாகப் பூத்துத் தள்ளும். சிங்காநல்லூரில் என் சமையலறை ஜன்னலிலிருந்து தெரிகிற ஒரே உருப்படியான காட்சி அதுதான். மற்றதெல்லாம் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிகள்.

மரத்தின் சொந்தக்காரர் பம்புசெட்டுக்கு உதிரிபாகம் செய்கிற பட்டறை வைத்திருக்கிறார். நல்ல மனிதர். மரத்தைக் கண்டால் மட்டும் அவருக்கு ஆகாது. பூ உதிர்ந்து காரின் மேல் ஒட்டிக்கொள்கிறதாம். “காயும் இல்ல, கனியும் இல்ல, ஒரு துவையலுக்குக்கூட ஆகாது. எதுக்குங்க்கா இது நிக்குது?” என்று வருடம் தவறாமல் என்னிடம் கேட்பார். தெருவில் பாதிப் பேர் எதற்கு நிற்கிறார்கள் என்று எனக்கும்தான் தெரியாது. நான் கேட்டேனா? வருடம் தவறாமல் அவருடைய மகள் குறுக்கே வந்து மரத்தைக் காப்பாற்றுவாள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த கன்றைக் கொண்டுவந்து நட்டவள் அவள்தான். மகள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசத் தெரியாத அப்பா அவர்.

போன வருடம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குச் சத்தியமங்கலம் பக்கம் ஊர், கனடாவில் வேலை. மாசியில் முகூர்த்தம், முடிந்த கையோடு விமானம். நகையைப் பற்றியோ புடவையைப் பற்றியோ அவள் வாயே திறக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். மண்டபத்திலிருந்து வீட்டுக்கு வந்ததும், பூத்த மரத்தடியில் அப்பாவும் தானும் நின்று ஒரு போட்டோ.

அன்றிலிருந்து குப்பை மரம் அந்த வீட்டின் விருந்தாளி ஆகிவிட்டது. எங்கள் பக்கத்து விருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். போதும் என்று இலைமேல் கையை மறித்தால், கைமேலேயே ரசத்தை ஊற்றுகிற ஊர் இது. மரத்துக்குக் கையும் கிடையாது. என்ன செய்யும், பாவம்.

முதலில் ஆட்டுப் புழுக்கை மூட்டை மூட்டையாக வந்தது. பிறகு ஊறவைத்த கடலைப் புண்ணாக்கு. அந்த வாசனையில் தெருவே ஜன்னலைச் சாத்திக்கொண்டது. கடைசியாக, அவருடைய சொந்தப் பட்டறைச் சாமான்களை வைத்து ஒரு சொட்டுநீர்க் குழாய். அதற்கொரு மோட்டார், மோட்டாருக்கொரு டைமர். பம்பு செய்கிறவருக்கு உலகத்தில் எந்த வியாதிக்கும் மருந்து தண்ணீர்தான்.

எனக்கு இது சரியாகப் படவில்லை. தெருவில் போர் வற்றி லாரித் தண்ணீருக்கு அடித்துக்கொண்ட வருடம்தான் அந்த மரம் வெறிபிடித்த மாதிரி பூத்தது. நல்ல மழை பெய்த வருடம் பேருக்கு நாலு பூ. காய்ந்தால்தான் பூக்கும் ஜாதி அது. இதை அவரிடம் சொன்னேன்.

“நீங்க சொன்னா சரியாத்தானுங்க இருக்கும்க்கா,” என்று பணிவாகச் சொல்லிவிட்டு, வால்வை இன்னும் ஒரு சுற்றுத் திறந்துவிட்டார்.

எங்கள் ஊர் மரியாதைக்கு இதுதான் அர்த்தம். கேட்டுக்கொள்வார்கள். அதற்குமேல் ஒன்றும் எதிர்பார்க்கக் கூடாது.

தையில் இலை உதிரவேண்டிய மரம் உதிர்க்கவில்லை. மாறாக, கொழுகொழுவென்று புதுத் துளிர் விட்டது. அவர் தினமும் காலையில் அண்ணாந்து பார்ப்பார். மொட்டுக்குப் பதில் இலை. ஒருநாள் என்னைப் பார்த்துச் சொன்னார்: “இத்தன செஞ்சும் பூக்கலீன்னா வெட்டிப்போட்டு கார் ஷெட்டு போட்டர்றதுதானுங்க்கா.” சோறு போட்டே கொன்றுவிட்டு, சாப்பிட்டவன்மேல் கோபம்.

முகூர்த்தத்தன்று மரம் ஒரு பூவும் இல்லாமல் பச்சைப்பசேல் என்று நின்றது. மண்டப அலங்காரக்காரர் ஏணி போட்டு ஏறித் துணிப்பூக்களைக் கிளையெல்லாம் கட்டினார். கல்யாணப்பெண் காரிலிருந்து இறங்கி அதைப் பார்த்தாள், சிரித்தாள். பிறகு, “வேண்டாங்கப்பா, இன்னொரு தடவ எடுத்துக்கலாம்,” என்று அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். போட்டோ எடுக்கவில்லை. அந்த வாரமே கனடா போய்விட்டாள்.

அவர் மரம் வெட்டுகிறவரைக் கூப்பிட்டார். மோட்டாரையும் கழற்றிவிட்டார், வெட்டப்போகிற மரத்துக்கு எதற்குத் தண்ணீர்? வெட்டுகிறவர் அந்தியூர்க்காரர், தங்கமான மனிதர். யாரிடமும் வரமாட்டேன் என்று சொல்லமாட்டார். “நாளைக்குக் காலைல வந்தர்றனுங்க” என்பார். நாளை வரும், அவர் வரமாட்டார். திரும்பக் கூப்பிட்டால் இன்னும் மரியாதையாக, “கெளம்பீட்டனுங்க.” இந்தக் குணத்துக்காக எத்தனையோ பிளம்பர்களை, எலக்ட்ரீஷியன்களை வாயாரத் திட்டியிருக்கிறேன். இந்த ஒருவரை மட்டும் தினமும் மனதார வாழ்த்தினேன்.

அப்படியே பங்குனியும் முடியப் போனது. வெயில் மண்ணைப் பிளந்தது. பச்சை இலை மஞ்சளாகி மொத்தமாகக் கொட்டியது. ஒரு காலையில் காபி போட எழுந்து ஜன்னலைத் திறந்தால், எதிரே இளஞ்சிவப்பு. அடிமரம் தவிர எல்லாம் பூ. கட்டியிருந்த துணிப்பூக்கள் வெளுத்துப்போய் நடுவில் அசட்டுத்தனமாகத் தொங்கின.

அன்றைக்கென்று பார்த்து அந்தியூர்க்காரர் வண்டியில் ரம்பத்தோடு வந்து நின்றார். அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

எதிர்வீட்டுக்காரர் கேட்டைத் திறந்து வெளியே வந்தார். அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். “ஏனுங்க, காப்பி குடிச்சுப்போட்டுப் போங்க,” என்றார் வெட்ட வந்தவரிடம். அவ்வளவுதான். ரம்பம் வண்டியைவிட்டு இறங்கவே இல்லை.

பிறகு உள்ளே போய், கல்யாணத்துக்குக் கட்டிய பட்டு வேட்டி சட்டையோடு திரும்பி வந்தார். போனை என் கையில் கொடுத்துவிட்டு மரத்தடியில் போய் நின்றார். நடுவில் அல்ல, ஓரமாக.

“கொஞ்சம் நடுவுல வாங்க,” என்றேன்.

“இல்லீங்க்கா. பக்கத்துல எம்புள்ளைக்கு எடம் உட்டு எடுங்க. ஸ்டுடியோல சேத்திக் குடுத்தர்றாங்களாமா.”

நான் எடுத்தேன். படம் கலங்கலாகத் தெரிந்தது. போனில் கோளாறு என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இப்போது அந்தப் படம் அவர்கள் ஹாலில் பெரிதாக மாட்டியிருக்கிறது. பூத்த மரம், பட்டு வேட்டியில் அப்பா, முகூர்த்தப் புடவையில் மகள். ஸ்டுடியோக்காரரின் லட்சணம், அப்பாவின் நிழல் ஒரு பக்கம் விழுகிறது, மகளின் நிழல் மறுபக்கம். போன வாரம் நான் அங்கே இருந்தபோது வந்த ஒரு விருந்தாளியிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: “முகூர்த்தத்தன்னைக்கு எடுத்ததுங்க. சொல்லிவெச்ச மாதிரி அன்னைக்குத்தான் பூத்துதுங்க.”

விருந்தாளி படத்தை உற்றுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். யாரிடமும் குறை கண்டுபிடிக்காமல் விடாதவள் நான்.

“ஆமாங்க,” என்றேன். “நான்தானுங்க எடுத்தேன்.”