எட்டு நாள் முழுகிக் கிடந்த வள்ளம்

போன மாசி மாதம் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. குனிந்து எடுக்கப்போனவரும் விழுந்தார். பக்கவாதம் என்றார்கள். வலது கையும் காலும் அசையவில்லை. பேச்சும் குழறிப்போனது. மூன்று வாரம் தென்காசியில் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். வந்த அன்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர், பிறகு எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. கைப் பயிற்சிக்குப் பந்தைக் கொடுத்தால் தரையில் உருட்டிவிடுவார். “ஆண்டவரே, இவரை எடுத்துக்கொள்ளும்” என்றுகூட ஒரு நாள் ஜெபித்தேன். அந்த ஜெபத்தை ஆண்டவர் கேட்காமல் விட்டதற்கும் இந்தச் சாட்சிக் கடிதத்தில் நன்றி சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் செல்வி. குற்றாலத்துக்குக் கீழே ஒரு குளத்தில் மீன் வளர்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. சாரல் தொடங்கி அருவித் தண்ணீர் வாய்க்காலில் இறங்கிவிட்டால் குளம் நிறைந்துவிடும். அதற்குப்பின் படகு இல்லாமல் மீனுக்குத் தீனி போட முடியாது, வலை விட முடியாது. அதற்காக இவர் கேரளாவிலிருந்து ஒரு பழைய மர வள்ளத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஒரு வருடமாகக் கொட்டகையில் கவிழ்த்துப் போட்டு, உளுத்த பலகையை எடுத்துப் புதுப் பலகை போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் முடிந்தது. மறுபக்கம் முடிவதற்குள் விழுந்துவிட்டார்.

புளியறையில் லாரி புக்கிங் பார்க்கும் என் அண்ணன் பங்குனியில் வந்தான். “ஏட்டி செல்வி, ஒரு பைபர் படகு வெலைக்கு வருது. பழசுதான், ஆனா அடிமாட்டு வெலைக்குத் தாரான். வாங்குனா அன்னைக்கே தண்ணில வுடலாம். இந்த மரத்த வெறகுக்குப் போட்டுரு” என்றான். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றே சொன்னான். சுவரைப் பார்த்துக் கிடந்தவரின் தோள் குலுங்கியது. சத்தமில்லாமல் அழுதார்.

“வெறகுக்குப் போட்டா அவரையும் சேத்துல்லா போடணும்ணே” என்றேன்.

அண்ணன் கெட்டவன் இல்லை. புத்தியோடு பார்த்தால் அவன் சொன்னது சரி. எனக்குத்தான் அன்று புத்தியோடு பார்க்கப் பிடிக்கவில்லை.

மூன்று நாள் உபவாசம் இருந்தேன். இரண்டே காரியம் கேட்டேன். இந்த வள்ளம் மிதக்க வேண்டும். அதில் இவர் எழுந்து உட்கார வேண்டும். “உம்முடைய சித்தப்படி ஆகட்டும்” என்று ஜெபத்தை முடிக்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். எனக்கு வேண்டியதை மட்டும் கேட்டுவிட்டு எழுந்தேன்.

பாக்கிப் பலகைகளைச் செங்கோட்டை ஆசாரி ஒருவர் பொருத்திக் கொடுத்தார். பலகை இடுக்கெல்லாம் தென்னை நார் திணித்து, மேலே முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசியது நான். அந்த எண்ணெய் பட்ட இடமெல்லாம் விரல் வெந்து கொப்புளித்தது. இவர் கட்டிலைக் கொட்டகை வாசலுக்கு இழுத்துப் போட்டேன். முதலில் பார்க்கவில்லை. பிறகு ஓரக்கண்ணால் பார்த்தார். நான் தப்பாக நார் திணித்தால் நாக்கால் ‘ச்சு’ என்பார். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே சில இடங்களில் வேண்டுமென்று தப்பாகத் திணித்திருக்கிறேன்.

ஆடியில் குளம் நிறைந்தது. எங்கள் சபையில் புது பைக் வாங்கினாலும் சரி, கிரைண்டர் வாங்கினாலும் சரி, பிரதிஷ்டை ஜெபம் பண்ணித்தான் புழங்குவோம். நானும் நாள் குறித்தேன். பாஸ்டர் வந்தார், சபையார் வந்தார்கள், அண்ணனும் வந்தான். ரிப்பன் கட்டினோம், கேசரி கிண்டினோம். இவரை நாற்காலியோடு தூக்கிக் கரையில் உட்காரவைத்தோம். இத்தனை பேரை அழைத்த நான், இவரிடம் மட்டும் “எறக்கலாமா?” என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நோயாளியைக் கேட்டு நாள் குறிக்கும் வழக்கம் நமக்குள் ஏது?

ஆமென் சொல்லி வள்ளத்தைத் தள்ளினோம். நாலு முழம்கூடப் போகவில்லை. எல்லா இடுக்கிலும் தண்ணீர் பீறிட்டது. கேசரி கடைசி ஆளுக்குப் போய்ச் சேர்வதற்குள் விளிம்புவரை முழுகிவிட்டது.

“நல்லவேள, நோவா பேழை செய்ய செல்வியக் கூப்புடல” என்று யாரோ சொன்னார்கள். சிரித்தார்கள்.

“சொன்னேம்லா? நாளைக்கே அந்தப் பைபர் படக ஏத்திட்டு வாரேன்” என்றான் அண்ணன்.

“இது கர்த்தருக்குச் சித்தமில்ல போல, செல்வி” என்றார் சபையில் மூத்த சகோதரி ஒருவர்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. இடுப்பளவு தண்ணீரில் நின்று வானத்தைப் பார்த்துக் கத்தினேன். “சித்தமில்லன்னா மொதல்லயே சொல்லியிருக்கணும்! கையி வெந்து கெடக்கு, பாரும்!” பாஸ்டர் தலை குனிந்துகொண்டார்.

அப்போது கரையிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. திரும்பினேன். என் வீட்டுக்காரர்! வாய் ஒரு பக்கம் கோணியபடி, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். ஐந்து மாதமாகச் சிரிக்காத மனிதர்.

“கெடக்கட்டும்” என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, “மரம்... தண்ணி குடிக்கட்டும்” என்றார். இடது கையால் கரையில் கிடந்த கற்களைக் காட்டினார். “கல்லு... உள்ள போடு.”

ஒரு வருடத்துக்கு மேல் காய்ந்த மரம் சுருங்கியிருக்குமாம். முழுகிக் கிடந்து ஊறினால்தான் பலகை உப்பி இடுக்கு அடைபடுமாம். வள்ளக்காரர்களுக்கு இது பாலபாடம். வயல்காட்டில் பிறந்த எங்களுக்கு என்ன தெரியும்? வள்ளக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்தவர் நாற்காலியில் இருந்தார். நாங்கள் அவருக்காக ஜெபித்தோமே தவிர, அவரிடம் கேட்கவில்லை.

கல்லை ஏற்றி வள்ளத்தை முழுகவிட்டோம். எட்டு நாள். ஏழு என்றால் சாட்சிக்கு அழகாக இருக்கும், ஆனால் எட்டுதான். தினமும் தன்னைக் கரைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். நாலாம் நாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு தானாக எழுந்து நின்றார்.

ஒன்பதாம் நாள் காலையில் அண்ணனே இறங்கிக் கல்லைத் தூக்கி வெளியே போட்டான், வாளியால் தண்ணீரை இறைத்தான். ஒரு மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே கையால் தடவிப் பார்த்துவிட்டு, “ஒரு சொட்டு ஏறலட்டி” என்றான். இவரை ஏற்றி உட்காரவைத்தோம். இடது கையால் துடுப்பைப் பிடித்தார். பிறகு அந்தக் கையாலேயே வலது கையைத் தூக்கி அதன்மேல் வைத்துக்கொண்டார்.

வலது கை முழுதாகச் சுகமாகிவிட்டது என்று எழுதினால் நீங்கள் இன்னும் சத்தமாக ஸ்தோத்திரம் சொல்வீர்கள். எழுத மாட்டேன். நாலு விரல் மடங்குகிறது. கட்டைவிரல் பாக்கி. நான் கேட்ட இரண்டும் கிடைத்தது. கட்டைவிரலுக்காக ஆண்டவரோடு இப்போது தனியாகச் சண்டை நடக்கிறது.

பிரியமானவர்களே, உங்கள் வள்ளம் முழுகினால், அவர் கைவிட்டார் என்று அடுத்தவர் சொல்வதை நம்பாதீர்கள். கோபம் வந்தால் கோபத்தோடேயே அவரிடம் போங்கள். அவர் தாங்குவார். என் கத்தலையே தாங்கினாரே.

அன்று கேசரி தின்றுகொண்டே சிரித்தவர்களும் வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் குளத்துக்கரைக்கு வாருங்கள். நன்றி ஜெபம் வைத்திருக்கிறோம். இந்தத் தடவை நாள் குறித்தது என் வீட்டுக்காரர்தான்.