மவுஸில் கடந்த ஆறு

மொபைல் ஆப் நன்றாக ஓடினால் பெயர் அதை எழுதியவருக்கு. நின்றுபோனால் திட்டு, அதைச் சோதித்த எனக்கு. ஏதோ ஒரு ஆப்பை நாலு தடவை அழுத்தி அலுத்து, போனையே விட்டெறிய நினைத்திருப்பீர்களே, அதற்கும் என் போன்ற ஒருவன்தான் ‘சரி’ போட்டிருப்பான்.

தஞ்சாவூரில் எங்கள் சின்னக் கம்பெனி, நெல் அறுக்கும் மிஷினை போனிலேயே புக் செய்ய ஒரு ஆப் தயாரித்தது. நான் சோதித்தது சிமுலேட்டரில். கம்ப்யூட்டர் திரைக்குள் ஒரு போன் படம், விரலுக்குப் பதில் மவுஸ். அந்தப் போனில் சார்ஜ் குறையாது, டவர் போகாது.

வெயில்

அதை நிஜப் போனில் முதலில் திறந்தவர், வலங்கைமான் பக்கம் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலத்தில் சம்பா போட்டிருந்த பரிமளா அக்கா. வருஷம் முழுக்க அவருக்கு அந்த நெல்தான் வருமானம். வெள்ளைத் திரையில் நாங்கள் வைத்த சாம்பல் எழுத்து வரப்பில் கண்ணுக்கே தெரியவில்லை. வாய்க்காலில் கழுவிய ஈர விரலுக்குப் பட்டனும் மசியவில்லை. ஆபீஸில் எல்லாம் பளிச்சென்று தெரிந்ததே என்றேன்.

“உங்க ஆபீஸ்ல வெயிலே அடிக்காதா தம்பி?”

ஈர விரல்

ஆப்பை எழுதிய ஜெனிபரிடம் போய்ச் சொன்னேன். எழுத்தைக் கறுப்பாக்க ஒப்புக்கொண்டார். ஈர விரலை மட்டும் நம்பவில்லை. சிமுலேட்டரில் பத்து தடவை அழுத்தினார், பத்து தடவையும் வேலை செய்தது.

“பாருங்க, ஆப்ல தப்பே இல்ல. தப்பு விரல்லதான்.”

பட்டனைப் பெரிதாக்க இரண்டு நாள் கெஞ்ச வேண்டியிருந்தது.

எதிர்க்கரை

நெல் முற்றித் தலை சாய்ந்த நேரம், வானம் மூட்டமாக இருந்தது. மழைக்கு முன் அறுத்தாக வேண்டும். அக்கா புக் செய்ததும், பக்கத்திலேயே ஒரு மிஷின் இருப்பதாக ஆப் காட்டியது. காலையில் டிரைவர் எனக்குப் போன் செய்தார்.

“வந்து சேந்துட்டேன்னு ஆப்ல போட்டிருக்கு சார். அந்தம்மா எதிர்க்கரைல நின்னு கைய காட்டுறாங்க. நடுவுல குடமுருட்டி ஆறு ஓடுது, என்ன பண்ணட்டும்?”

தூரத்தை ஆப் நேர்கோட்டில் அளந்திருந்தது. சோதித்த அன்று மிஷின் புள்ளியை ஆற்றின் மேலேயே மவுஸால் இழுத்துப்போய் வயலில் விட்டு ‘சரி’ போட்டவன் நான்தான்.

மிச்சம் இரண்டு மா

பக்கத்துப் பாலம் மிஷினைத் தாங்காது. பெரிய பாலம் வழியாகச் சுற்றி வந்து சேர மதியமாகிவிட்டது. நாலு மா அறுத்ததும் மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் நான் போனபோது மிச்ச நெல் தண்ணீரில் படுத்துக் கிடந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அக்கா திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது. அவர் கோணி விரித்து ஈரக் கதிர்களைப் பரப்பிக்கொண்டே சொன்னார்:

“அடுத்த தடவை சரின்னு போடறதுக்கு முன்னாடி, ஒருவாட்டி பாலத்தச் சுத்தி நடந்து வாங்க தம்பி.”

நடந்து பார்த்து, தூரத்தைப் பாலம் வழியாக அளக்கும்படி ஆப்பைத் திருத்திவிட்டோம். ஆனால் சிமுலேட்டரில் மட்டும் இன்றுவரை ஒரு சொட்டு மழை பெய்ததில்லை.