பெனிட்டா குடியிருந்த வீடுகள்

1. வண்டி வந்துவிட்டது, வீடு இல்லை

நெய்யாற்றின்கரை வீட்டுக்காரர் எனக்குப் போன் செய்தபோது, பெனிட்டாவின் வீட்டுச் சாமான்களை ஏற்றிய வண்டி திருவனந்தபுரத்திலிருந்து கிளம்பி பாலராமபுரம் நெரிசலைத் தாண்டியிருந்தது. கல்ஃபில் இருக்கும் மகன் திடீரென்று குடும்பத்தோடு திரும்புகிறானாம். வீடு அவனுக்கு வேண்டுமாம். "ராஜமணி, மோன் வருந்நு. ஞான் எந்து செய்யும்?" என்றார். அட்வான்ஸைத் திருப்பித் தருவதாகவும் சொன்னார். அட்வான்ஸை விரித்துப் படுக்க முடியாதே.

நான் கேரள எல்லையில், பாறசாலை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வீட்டு புரோக்கர். ஒரு மேசை, மூன்று பிளாஸ்டிக் நாற்காலி, நிறையச் சாவிகள். இதுதான் ஆபீஸ். இந்தத் தொழிலுக்கு இப்போது வரும் இளைஞர்கள் போனிலேயே வீட்டைக் காட்டிவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் பெனிட்டாவின் கதையை எழுதுகிறேன்.

பெனிட்டா இங்கே பக்கத்து மலையோர ஊரான அம்பூரிக்காரி. திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் கணவர் எட்வின் சென்னை ஆவடியில் வளர்ந்தவர். நகரத்துக்கு வடக்கே கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை. மூன்றாம் வகுப்பில் ஒரு மகள், ரியா. நகரத்தில் மூன்றாவது மாடியில் ஒரு ஃபிளாட்டில் இருந்தார்கள். ஆஸ்பத்திரி பக்கம், ஆபீஸும் தூரமில்லை. ஆனால் ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டு ஜன்னல். துணி காயப்போட இடமில்லை. வண்டி நிறுத்துவதில் தினமும் தகராறு. வாடகை மட்டும் வருடா வருடம் ஏறியது. அதனால்தான் நெய்யாற்றின்கரைக்கு மாறத் தீர்மானித்தார்கள்.

அந்த வீடு கைவிட்டுப் போனதும் வண்டியை நேராக என் ஆபீசுக்கு வரச் சொன்னேன். மழை தூறிக்கொண்டிருந்தது. எட்வின் தார்ப்பாயை இழுத்துக் கட்டப் போய்விட்டார். பெனிட்டா என் எதிரே உட்கார்ந்து, கோபமே இல்லாமல் கேட்டாள்.

"மாமா, இண்ணைக்கு ராத்திரி என் பிள்ளை எங்க ஒறங்குவா? அத மட்டும் சொல்லுங்க."

அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். நான் போனை எடுத்தேன்.

2. எல்லைக்கு அந்தப் பக்கம்

களியக்காவிளையில் ஒரு வீடு காலியாகக் கிடந்தது. பாறசாலையிலிருந்து பக்கம்தான், ஆனால் எல்லை தாண்டினால் தமிழ்நாடு. நகரத்தில் கொடுத்த வாடகையில் பாதிதான். அறைகளோ இரண்டு மடங்கு. இருட்டுவதற்குள் கட்டிலை இறக்கிவிட்டோம். ஃபிரிட்ஜை நானும் ஒரு பக்கம் பிடித்தேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் முதுகு என்னோடு பேசவில்லை.

எட்வினுக்கு மொட்டை மாடியைப் பார்த்ததும் சந்தோஷம் தாங்கவில்லை. கடைப் பலகையெல்லாம் தமிழில் இருந்தது அவருக்கு இன்னும் சந்தோஷம். ரியா மலையாளம் படித்துவந்ததால் அவளைப் பாறசாலைப் பள்ளியில் சேர்த்தோம். அப்பா ஸ்கூட்டரில் அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு, ஸ்டேஷனில் காலை ரயிலைப் பிடித்து கழக்கூட்டம் போவார். பெனிட்டாவுக்கும் பஸ்ஸுக்குக் குறைவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

தண்ணீரை நான் நினைக்கவில்லை. அது போர்வெல் தண்ணீர். இரும்புச் சத்து அதிகம். பெனிட்டாவின் வெள்ளைச் சீருடை மெல்ல மெல்ல மஞ்சளாகி, பிறகு பழுப்பு நிறத்துக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் மேற்பார்வை செய்யும் அம்மா, சீருடையைத் தேநீரில் முக்கினாயா என்று கேட்டிருக்கிறார். அதை எனக்குச் சொன்னபோது பெனிட்டாவே சிரித்துவிட்டாள். ஆனாலும் இனி அந்த வீட்டில் இருக்க முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரிந்துபோனது. எங்கே போவது என்பதில்தான் ஆளுக்கொரு எண்ணம்.

3. இரண்டு ரகசியங்கள்

ஒரு நாள் காலையில் எட்வின் போன் செய்தார். கழக்கூட்டத்தில் ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரு ஃபிளாட் வேண்டுமாம். வாடகை கூடினாலும் பரவாயில்லை, தினமும் ரயிலில் போகும் நேரம் மிச்சமாகும் என்றார். பெனிட்டாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலமே பெனிட்டா ஆபீசுக்கு வந்தாள். பாறசாலையிலேயே நல்ல கிணறு உள்ள வீடு வேண்டும் என்றாள். நகரத்தில் இருந்தபோது பக்கத்து ஃபிளாட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாதாம். "இங்க பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா கதவைத் தட்ட நாலு வீடு உண்டு மாமா. அவருட்ட இப்ப சொல்லாண்டாம்" என்றாள்.

இரண்டு பேரும் என் கஸ்டமர். இரண்டு ரகசியமும் என்னிடம். ஒரு வாரம் இரண்டு போனையும் தவிர்த்துப் பார்த்தேன். அது சரிப்படவில்லை. கடைசியில் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து, கழக்கூட்டத்தில் ஒன்றும் பாறசாலையில் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடுவோம் என்று சொன்னேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது எட்வின்தான்.

கழக்கூட்டத்து ஃபிளாட் உண்மையிலேயே நல்ல ஃபிளாட். லிஃப்ட் இருந்தது, காற்று வந்தது, கார் நிறுத்த இடம் இருந்தது. பால்கனியில் நின்றால் எட்வினின் ஆபீஸ் கட்டடம் தெரிந்தது. பெனிட்டா குறையே சொல்லவில்லை. சமையலறைக் குழாயைத் திறந்து தண்ணீரை மட்டும் முகர்ந்து பார்த்தாள். எட்வின் பால்கனியிலேயே ரொம்ப நேரம் நின்றார். பிறகு என்னிடம் கேட்டார்.

"அங்கிள், இங்க வந்துட்டா நான் அந்த ட்ரெயின்ல போக வேண்டாம், இல்ல?"

"வேண்டாம். நடந்தே போவலாம்" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது.

திரும்பி வரும் வழியில்தான் விஷயம் வெளியே வந்தது. காலை ரயிலில் அவருக்கு ஒரு கூட்டம் சேர்ந்திருந்தது. குழித்துறையில் ஏறும் ஒரு தாலுகா ஆபீஸ் கிளார்க் அவருக்கு இடம் பிடித்து வைப்பார். நெய்யாற்றின்கரையில் ஏறும் இரண்டு டீச்சர்கள் அவருக்கு மலையாளம் சொல்லிக் கொடுத்தார்கள். அவர் பிறந்தநாளுக்கு ரயிலிலேயே கேக் வெட்டியிருக்கிறார்கள். இதை அவர் வீட்டில்கூடச் சொல்லவில்லை. ஆவடியிலிருந்து எத்தனையோ வருடம் மின்சார ரயிலில் போயிருக்கிறார். ஒருத்தர்கூட அவர் பெயரைக் கேட்டதில்லையாம்.

"அப்ப இத்தன நாளும் ட்ரெயினக் குறை சொன்னது எதுக்காக்கும்?" என்று பெனிட்டா கேட்டாள்.

"குறை சொல்றதும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் எட்வின்.

அன்று மாலையே பாறசாலை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தார்கள். சின்ன வீடு. ரயில் போகும்போது ஜன்னல் அதிரும். கிணற்றுத் தண்ணீர் தெளிவாக இருந்தது. பெனிட்டா ஒரு வாளி இறைத்துக் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் சாவியை வாங்கினாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறார்கள்.

4. நான் கற்றது

வாடகை, தூரம், பள்ளிக்கூடம், கரண்ட் பில் எல்லாவற்றையும் ஊருக்கு ஊர் ஒப்பிட்டுச் சொல்ல எனக்குத் தெரியும். இன்றும் சொல்கிறேன். ஆனால் ஒருவர் தினமும் போய்வரும் வழியை நான் வெறும் நஷ்டமாகத்தான் கணக்கில் எழுதிவந்தேன். சிலருக்கு அது நஷ்டம்தான். பாறசாலையில் வீடு பார்க்க எட்வின் தன் ஆபீசிலிருந்து அனுப்பிவைத்த ஒரு பையனை முதலில் காலை ரயிலில் கூட்டிப்போனேன். நேமம் வருவதற்குள் அவனுக்கு மூச்சுமுட்டிவிட்டது. அவனுக்குக் கழக்கூட்டத்திலேயே ஒரு அறை பார்த்துக் கொடுத்தேன். நடந்து ஆபீஸ் போகிறான், சந்தோஷமாக இருக்கிறான்.

அதனால் எந்த ஊர் நல்லது என்று யாராவது கேட்டால், காலை நேரத்தில் நீங்கள் எங்கே, யாரோடு இருக்க ஆசைப்படுகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்கிறேன். எல்லோரும் முதலில் சிரிப்பார்கள். பிறகு தங்கள் காலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பார்கள். அதைக் கேட்ட பிறகுதான் நான் சாவியை எடுப்பேன்.