குரங்கணி ஏற்றத்தில் ஒரு ‘டொக்’

எங்கள் ஜீப்புக்கு ‘டொக்’ வந்ததும், அப்பாவும் மாமாவும் பேச்சை நிறுத்தியதும் ஒரே மழைக்காலத்தில் நடந்தன. டொக் நின்றால்தான் இவர்கள் பேசுவார்கள் என்று நானாகவே முடிவு கட்டி வைத்திருந்தேன். அந்த வயதில் எனக்கு எல்லாவற்றிலும் ஒரு முடிவு இருந்தது.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். சிலமலையில் தோட்டமும் டிராக்டருமாக இருந்தவர். அப்பா போடியில் ஜீப் ஓட்டினார். எத்தனையோ கை மாறி எங்களிடம் வந்து சேர்ந்த பழைய ஜீப்பு அது. விடிந்தும் விடியாமலும் தெருவில் நின்று ஹாரன் அடிப்பார். பெண்கள் தூக்குவாளியும் மழைக்குத் தலையில் மாட்டும் பிளாஸ்டிக் கொங்காணியுமாக ஓடிவந்து ஏறுவார்கள். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிக்கொண்டு வருவார். அந்தப் பெண்களில் எங்கள் அம்மாவும் ஒருத்தி.

கிளட்சை விட்டால் டொக். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டொக். ரிவர்ஸ் போட்டால் தெருநாய் எழுந்து ஓடுகிற அளவுக்கு ஒரு பெரிய டொக். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அப்பா பெண்களிடம் விசாரணை வைத்தார். “எஞ் சீட்டுக்கு அடியிலதாண்ணே” என்றாள் ஒருத்தி. “இல்லண்ணே, முன்னாடி” என்றாள் இன்னொருத்தி. ஏறினதுமே தூங்கிவிடுகிற ஒரு அக்கா, தனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாள். அப்பா சக்கரத்துக்கு மேலே இருக்கும் வில்லுப்பட்டையின் போல்ட்டுகளை இறுக்கினார். ரப்பர் புஷ்ஷுகளை மாற்றினார். எஞ்சின் உட்கார்ந்திருக்கும் ரப்பரையும் மாற்றினார். சீட்டுக்கடியில் கிடந்த ஜாக்கிதான் உருளுகிறதோ என்று அதைச் சாக்கில் சுற்றி அம்மாவின் மடியில் கொடுத்து ஒரு நாள் ஓட்டிப் பார்த்தார். டொக் அசைந்து கொடுக்கவில்லை.

ஒரு சாயங்காலம் மாமா வீட்டுக்கு வந்திருந்தார். பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா வண்டியை ரிவர்ஸ் எடுத்தார். மாமா தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “கிராஸ் போயிருச்சு மாப்ளே” என்றார். கியர்பாக்சிலிருந்து பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற நீளக் குழாய்க்கு சாப்ட்டு என்று பேர். அதன் இரண்டு நுனியிலும் வளைந்து கொடுப்பதற்கென்று கூட்டல் குறி மாதிரி ஒரு துண்டு இருக்கும். அதுதான் கிராஸ். மாமா அதோடு நிறுத்தியிருக்கலாம். அத்தனை பெண்களும் கேட்க, “இதச் சரிபண்ற வரைக்கும் என் தங்கச்சி இந்த வண்டியில ஏறக் கூடாது. மெட்டு ஏத்தத்துல சாப்ட்டு கழண்டு விழுந்தா அம்புட்டுப் பேரும் பள்ளத்துலதான்” என்றும் சொல்லிவிட்டார்.

அன்றோடு போயிற்று பேச்சு. அதற்கப்புறம் அப்பா வண்டியில் பார்க்காத இடமில்லை, கிராஸைத் தவிர. மச்சான் சொன்ன இடத்தில் கையை வைத்தால் மச்சான் சொன்னது சரியாகிவிடுமே, அந்தப் பயம். அம்மா தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்தாள். மறுநாளும் அதே வண்டியில் ஏறிப் போனாள்.

எனக்குத்தான் தூக்கம் கெட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தெருமுனையில் போய் நின்றுகொள்வேன். இருட்டுகிற நேரத்தில் தூரத்தில் டொக் கேட்டால் அம்மா வந்துவிட்டாள் என்று அர்த்தம். அதனால் அந்தச் சத்தத்தை என்னால் முழுசாக வெறுக்கவும் முடியவில்லை. கேட்கத் தாமதமானால் அடுத்த தெருவரை நடந்துவிடுவேன்.

இந்த லட்சணத்தில்தான் தம்பிக்குக் காதுகுத்து வந்தது. குரங்கணிக்கு மேலே, ஜீப் மட்டும் ஏறுகிற பாதையில், காட்டுக்குள் எங்கள் குலசாமி இருந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அந்தத் தாய்மாமனும் தானாக வரமாட்டார். தாம்பூலத் தட்டோடு வீட்டுக்குப் போய் அழைத்து, நம் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வர வேண்டும். சொந்தக்காரர்கள் எல்லாம் வேறு வண்டிகளில் முன்னாடியே போய்விட்டார்கள். நாங்கள் சிலமலைக்குப் போனோம். அம்மா தட்டோடு உள்ளே போனாள். அப்பா வாசலில் நின்று, வாசல்கேட் தூணைப் பார்த்து “வாங்க” என்றார். மாமாவும் தூணுக்கே தலையாட்டிவிட்டு, புது வேட்டியும் அகலமான பெல்ட்டுமாக வந்து பின்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வண்டி கிளம்பியது. டொக்.

“ஆத்தா, உங்கப்பாட்ட கேளு, காதுல விழுதான்னு” என்றார் மாமா என்னிடம்.

“எங் காது நல்லாத்தான் இருக்குன்னு உங்க மாமாட்ட சொல்லு” என்றார் அப்பா.

நானும் ஒரு வார்த்தை விடாமல் இருபக்கமும் சொல்லிக்கொண்டு வந்தேன். அம்மா தம்பியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குரங்கணி தாண்டி ஏற்றம் பிடித்ததும் தூறல் விழுந்தது. ஒவ்வொரு வளைவிலும் டொக் பெரிசாகிக்கொண்டே வந்தது. காப்பிச் செடிகள் முடிந்து, ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் ஒன்றுமில்லாததுமாக இருந்த ஒரு இடத்தில், அடியில் யாரோ சம்மட்டியால் அடித்தது போல் ஒரு சத்தம். வண்டி முழுக்க உதறியது. அப்பா நிறுத்திவிட்டார்.

மாமா இறங்கி, குனிந்து, கையை உள்ளே விட்டுச் சாப்ட்டை ஆட்டினார். டொடொக், டொடொக் என்றது. “ஆத்தா, கையாலயே ஆடுதுன்னு சொல்லு.” சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவர் முகம் கறுத்துப்போனது.

செல்லில் டவர் இல்லை. திரும்பி இறங்கவும் அந்த இடத்தில் வழியில்லை. அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார்: “பின் சாப்ட்ட கழட்டிட்டா முன் வீல் இழுவையிலயே மேல ஏறிரும். உங்க மாமாட்ட சொல்லு.” நான் வாயைத் திறப்பதற்குள் மாமா ஸ்பானரை எடுத்துவிட்டார். அவருடைய யோசனையும் அதுதான் என்பது போல ஒரு வேகம்.

அப்பா முதல் கியரில் போட்டார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். அம்மா ஒரு கல்லைப் பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தாள். மாமா சாக்கை விரித்து வண்டிக்கடியில் போய்விட்டார். அப்பா ஓரத்தில் போய்ப் பள்ளத்தைப் பார்த்து நின்றுகொண்டார். மச்சான் சொன்னது சரியாகிப்போன எரிச்சல் அவர் முதுகிலேயே தெரிந்தது.

அடியில் நட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று கல்லில் விழும் சத்தம் கேட்டது. “இன்னும் ஒண்ணுதான் தங்கச்சி” என்றார் மாமா. அப்பா சட்டென்று திரும்பினார். வண்டியைப் பார்த்தார். அடுத்த நொடி ஓடி வந்து டிரைவர் சீட்டுக்குள் விழுந்தார்.

அதே நேரம் சாப்ட்டு கீழே இறங்கியது. வண்டி பின்னால் நகர்ந்தது. ஈரத் தரையில் கல் கறகறவென்று இழுபட்டது. அப்பா பிரேக்கை மிதித்ததும் நின்றது.

மாமாவுக்குத் தெரிந்தது டிராக்டர். அதில் பிரேக்கு சக்கரத்தைப் பிடிக்கும். எங்கள் ஜீப்பில் ஹேண்ட் பிரேக்கு பிடிப்பது சக்கரத்தை அல்ல, அந்தச் சாப்ட்டின் தலையை. கியர் பிடிப்பதும் அதே சாப்ட்டு வழியாகத்தான். அதைக் கழற்றிவிட்டால் ரெண்டும் வெறுங்கை; காலால் மிதிக்கிற பிரேக்கு மட்டும்தான் சக்கரத்தைப் பிடிக்கும். அப்பாவுக்கு இது தெரியும். கோபத்தில் நின்றவருக்குக் கடைசி நட்டில்தான் ஞாபகம் வந்திருக்கிறது.

“மச்சான், அசையாதீங்க” என்றார் அப்பா. பேச்சு நின்றதிலிருந்து அவர் மாமாவிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது.

அடியிலிருந்து மாமாவின் குரல் வந்தது. “மாப்ளே, சாப்ட்டு நெஞ்சு மேல கெடக்கு. வேட்டி டயருக்கடியில மாட்டிக்கிருச்சு.”

“அவுத்துட்டு வாங்க.”

“பெல்ட்டு போட்டிருக்கேன். கை போக மாட்டேங்குது.”

“வெரசாப் பாருங்க மச்சான்.”

அம்மா தம்பியை என் கையில் திணித்துவிட்டுக் கல் பொறுக்க ஓடினாள். ஒன்று வைத்தாள், இன்னொன்று வைத்தாள், கையால் மண்ணை வழித்து வழித்து வைத்தாள். “எண்ணே, எண்ணே” என்று வாய்க்குள் முனகிக்கொண்டே இருந்தாள். தம்பி அலறினான். நான் அவனைத் தூக்கிக்கொண்டு அப்பா பக்கம் போய் நின்றேன்.

அப்பா இரண்டு காலையும் பிரேக்கில் வைத்து, முதுகைச் சீட்டில் முட்டுக்கொடுத்து, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு கை மட்டும், முன்சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கிற கியர்க் கம்பியைத் தள்ளிப் பார்த்தது. அது விழுந்தால் முன் சக்கரம் கியரில் மாட்டி வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் வண்டி கொஞ்சம் அசைந்தால்தான் அது விழும். அசையவிட முடியாது. கையை எடுத்துவிட்டார். மிதித்த பிரேக்கு அவர் காலுக்கடியில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. விட்டு மிதித்தால் ஏறும். விட முடியாது. அவர் யாரையும் பார்க்கவில்லை. கண்ணாடியில் வழிகிற தூறலையே வெறித்துக்கொண்டிருந்தார். கோபமாக இருக்கிறார் என்று நான் நினைத்தேன்.

பக்கவாட்டில் முதலில் சாப்ட்டின் நுனி வந்தது. அப்புறம் கிரீஸ் அப்பிய ஒரு கை. கடைசியில் கட்டம் போட்ட டவுசரோடு மாமா உருண்டு வந்தார். அம்மா அவர் தோளைப் பிடித்து இழுத்துத் தள்ளி நிறுத்தினாள்.

“வந்துட்டேன் மாப்ளே.”

“முன்னாடி வந்து நில்லுங்க. நான் பாக்கணும்.”

மாமா டவுசரோடு வண்டிக்கு முன்னால் போய் நின்றார். அப்பா அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் காலை எடுக்கவில்லை.

அம்மாவின் கற்கள் தாங்கின. எஞ்சினைப் போட்டு மெல்ல அசைக்க, கம்பி விழுந்தது. டயர் தடம் பதிந்த வேட்டியை உதறி மாமா கட்டிக்கொண்டார். சாப்ட்டு எங்கள் காலடியில் கிடந்தது. அதன் கிராஸை மாமா விரலால் அசைத்தபோது, உள்ளிருந்து செங்கல் பொடி மாதிரி துரு கொட்டியது. அவர் அதை யாரிடமும் காட்டவில்லை. கோயில்வரை ஒரு டொக்கும் இல்லை. ஒரு பேச்சும் இல்லை. எனக்குப் பெரிய ஏமாற்றம்.

கோயிலில் எல்லோரும் இறங்கினோம். அப்பா இறங்கவில்லை. கால் மரத்துப்போச்சு என்றார். மாமா அவர் கதவுப் பக்கம் போய் நின்றார். அப்பா அவர் தோளைப் பிடித்துத்தான் இறங்கினார். தம்பி மாமா மடியில் உட்கார்ந்து மலையே அதிரக் கத்த, காது குத்தியாயிற்று.

பந்தியில் அப்பாவும் மாமாவும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள். மாமாவின் வேட்டியில் என்ன டயர் தடம் என்று சித்தப்பா கேட்டார். இரண்டு பேரும் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். நான் விடுவேனா? எழுந்து நின்று சொன்னேன். மாமா வண்டிக்கடியில் படுத்துச் சாப்ட்டைக் கழற்றியதையும், வேட்டி மாட்டியதையும், அம்மா கல் வைத்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன். “எல்லாச் சோலியும் மாமாதான் பாத்தாரு. எங்கப்பா சீட்டுல சும்மா உக்காந்திருந்தாரு” என்று முடித்தேன்.

பந்தியே சிரித்தது. “மாப்ளைக்கு நோகாத சோலிதான்” என்றார் ஒருவர். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். “ஆமா, சும்மாதான் உக்காந்திருந்தேன்” என்றார்.

மாமா சிரிக்கவில்லை. சோற்றில் வைத்த கையோடு என்னை ஒரு பார்வை பார்த்தார். இன்னும் மடக்க முடியாமல் நீட்டி வைத்திருந்த அப்பாவின் காலைப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவரைப் பெருமையாகத்தானே பேசினேன், அதற்கு ஏன் இப்படி என்று, போட்ட வடையைக்கூடத் தொடாமல் உம்மென்று உட்கார்ந்திருந்தேன்.