அப்பாவைத் தூங்கவிடாத லுஹோசோ

எங்கள் குவார்ட்டர்ஸில் அப்பாவுக்கு நைட் ஷிப்ட் வாரம் என்றால் பகலில் யாரும் வாய்விட்டுப் பேச மாட்டோம். ஜன்னலில் ஈரப் போர்வை தொங்கும். குக்கரை அடுப்பில் ஏற்றவே மாட்டோம்.

அந்த வாரம்தான் ஸ்பெயினில் ஒரு ஹோட்டல் வேலைக்கு எனக்கு வீடியோ இன்டர்வியூ. இரண்டே நாள் இருந்தது, இருப்புக்கொள்ளவில்லை. போனில் ஸ்பானிஷ் கற்றுக்கொண்டிருந்தேன். அன்றைய சொல் 'லுஹோசோ'. ஆடம்பரமான என்று பொருள். எப்படிச் சொன்னாலும் போன் ஏற்கவில்லை, மறுபடி மறுபடி கேட்டது. எரிச்சலில் கூடத்தில் நடந்தபடி கத்தவே ஆரம்பித்துவிட்டேன்.

கதவு திறந்தது. அப்பா சிவந்த கண்களோடு நின்றார்.

"என்னாம்மா அது? ஒரு மணி நேரமா அதையே சொல்லிக்கினு இருக்க?"

"ஆடம்பரமானதுன்னு அர்த்தம்ப்பா. ரூமைப் பத்திச் சொல்லணும்."

"சரி, நீ படி. எனக்கு இனிமே தூக்கம் வராது."

சுரங்கத்தில் ராட்சத இயந்திரம் ஓட்டுகிறவர் அவர். ஒரு நொடி கண்ணயரக் கூடாது. மறுநாள் காலை ஷிப்ட் பஸ்ஸிலிருந்து அவர் இறங்கும்வரை வாசலிலேயே நின்றேன். அவர் படுக்கும் முன் போர்வையை நனைத்து ஜன்னலில் போட்டேன்.

இன்டர்வியூவில் ஆடம்பரமான அறை ஒன்றை வர்ணிக்கச் சொன்னார்கள். மனப்பாடம் செய்த பட்டுத்திரை, பளிங்குத் தரை எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"இருட்டான அறை. வெளியே யாரும் பேசுவதில்லை. உள்ளே அப்பா தூங்குகிறார்" என்றேன்.

சத்தமாகப் பேசச் சொன்னார்கள். நான் குரலை உயர்த்தவில்லை. பக்கத்து அறையில் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்.