சூடு ஆறாத பாய்

ஊருக்கு வந்தால் ரூபா நேரே வீட்டுக்குள் நுழைவதில்லை. வாசலில் வெயில் விழும் இடமாகப் பார்த்து நின்று, கைகளை விரித்து, விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்கிறாள். நான் பையை வாங்கப் போனால் நகர்ந்துகொள்கிறாள். "அத்த தொடாதக்கா. உள்ள துணி இருக்குது. நானே வெந்நீர்ல போட்டுக்கறேன்."

ரூபா என் தங்கை. வரதய்யபாளையம் பக்கம் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை. அடுத்தவர் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்கிய எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கும் முதல் ஆள். அவள் கட்டிய ஒயர் ஒன்றுகூடப் பழுதென்று திரும்பி வந்ததில்லையாம். விஜயபுரம் பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் இதைச் சொல்லிவிடுவேன்.

அங்கே அவளோடு அறையில் தங்கும் பெண்கள் மூன்று ஷிப்டுக்கும் போகிறவர்கள். ஒருத்தி எழுந்த பாயில் அடுத்தவள் வந்து படுப்பாள். "எங்க ரூம்ல பாய் சூடு ஆறவே ஆறாதுக்கா" என்று சிரிப்பாள். அந்தப் பாய்களில்தான் சிரங்கு பரவியது. கெஜ்ஜி என்று காதோடு சொல்லிக்கொண்டார்கள். வேலை நேரத்தில் கையைச் சொறிந்த ஒருத்தியைக் கம்பெனி வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மற்றவர்கள் முழுக்கைச் சட்டைக்குள் மறைத்தார்கள். ரூபாதான் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். கழுத்திலிருந்து பாதம்வரை மருந்து பூச வேண்டும், அறையில் எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும், ஒரு வாரம் கழித்து மறுபடியும் பூச வேண்டும் என்றார் டாக்டர்.

மூன்று ஷிப்டும் ஒன்றாக இருக்கும் நாளுக்கு எங்கே போவது? கரண்டுப் பஞ்சத்தில் வாரம் ஒரு நாள் கம்பெனியை மூடச் சொல்லிப் பவர் ஹாலிடே விட்டார்கள். ஊரே கரண்டைத் திட்டியபோது இவள் மட்டும் அந்த நாளுக்குக் காத்திருந்தாள்.

அன்றைக்கு அறைத் தோழி பிரியங்கா மட்டும் முரண்டு பிடித்தாளாம். "எனுக்கு அரிக்கவே இல்லியே. நான் எதுக்குப் பூசிக்கணும்?"

"ஒரு மாசம் அரிக்காமயே உன்கிட்ட குந்திக்கினு இருக்கும்டி. வாடகை குடுக்காத குடித்தனம். காலி பண்ண வேணாவா?"

சொல்லிவிட்டு அவள் முதுகில் ரூபாவே பூசிவிட்டாள். இரண்டாம் முறைக்கு வைத்திருந்த நாளில் ஹாலிடேவை மாற்றிவிட்டார்கள். பிரியங்கா ஷிப்டுக்குப் போய்விட்டாள். "வந்து பூசிக்கினேன்னு சொல்றா. பூசிக்கினாளோ, அப்பிடியே தூங்கிட்டாளோ" என்று சோறு தின்னும்போதும் அதே பேச்சு.

அவளுடைய பெரிய பயம் வேறு. பொங்கலுக்கு வந்தபோது, அறையில் சிரங்கு வந்திருப்பது அறியாமல், என் மகளைத் தன்னோடு அணைத்துப் படுக்க வைத்திருந்தாள். குழந்தைக்கு இதுவரை ஒன்றும் இல்லை என்றேன். "இன்னும் மாசம் ஆவலியேக்கா" என்றாள்.

இந்த முறையும் "சித்தி" என்று குழந்தை ஓடிவந்தது. ரூபா கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். பிறகு எட்ட உட்கார்ந்து, "சித்தி மாதிரி கைய விரி, பாக்கலாம்" என்று விரித்துக் காட்டினாள். குழந்தையும் விளையாட்டென்று நினைத்து விரித்தது. தன் நிழல் அந்தச் சின்னக் கைமேல் விழாதபடி நகர்ந்துகொண்டு, தொடாமலே குனிந்து, விரல் இடுக்கு ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.